கசப்பு மருந்தும் ஒரு கரண்டி வெல்லமும்



ஒடிசா மாநிலத்தின் தெற்கே மலைகள் நிறைந்த பகுதி இருக்கிறது. கோராபுட், மல்கான்கிரி, ராயகடா மாவட்டங்கள் அங்கேதான் உள்ளன. காடு உண்டு. ஓடை உண்டு. கொசுவும் உண்டு. மலேரியாக் காய்ச்சல் அந்தப் பகுதிக்குப் பழைய பகை.

அங்கே ஒரு மலைக் கிராமம். அதில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பையன்கள். சின்னவனுக்கு வயது 4.

மழைக்காலத்தில் ஒருநாள் சின்னவனுக்குக் குளிர் கண்டது. உடம்பு வெடவெட என்று நடுங்கியது. பிறகு அனலாகக் கொதித்தது. ஊரில் உள்ள ஆஷா பணியாளருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவரை அங்கே எல்லோரும் 'தீதி' என்று அழைப்பார்கள். தீதி என்றால் அக்கா.

தீதி வந்தார். பையனின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சோதனை அட்டையில் விட்டார். சற்று நேரத்தில் அட்டையில் கோடு தெரிந்தது. மலேரியாதான். அதிலே வைவாக்ஸ் என்ற வகை. இதற்கு இரண்டு மருந்து. குளோரோகுயின் 3 நாள். பிரைமாகுயின் 14 நாள். பையனின் வயதுக்கு எவ்வளவு என்று தீதி கணக்குப் பார்த்துக் கொடுத்தார். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார். சிறுநீர் கறுத்துப் போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார்.

முதல் மாத்திரையைப் பையன் நாக்கில் வைத்தான். முகம் கோணியது. தூ என்று துப்பினான். குளோரோகுயின் அவ்வளவு கசப்பு. தீதி இன்னொரு மாத்திரையை எடுத்தார். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கினார். ஒரு கரண்டி வெல்லப் பாகில் குழைத்தார். ஊட்டினார். இந்தத் தடவை மருந்து உள்ளே போயிற்று.

மறுநாள் தீதிக்குப் பக்கத்து ஊரில் வேலை. அம்மாதான் மருந்து கொடுக்க வேண்டும்.

"ஒரு கரண்டி வெல்லத்துக்கே உள்ளே போயிற்றே. ஒரு கிண்ணம் பாயசத்தில் கலந்தால் கசப்பே தெரியாது" என்றாள் பாட்டி.

அம்மாவுக்கும் அது சரி என்று பட்டது. கிண்ணம் நிறையப் பாயசம். அதிலே மாத்திரைப் பொடி. பையன் நாலு வாய் தின்றான். ஐந்தாவது வாயில் கரையாத பொடி வந்துவிட்டது. அதோடு சரி. கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். மீதிப் பாயசத்தைத் தின்னப் பெரியவன் ஓடி வந்தான். நல்ல வேளை, பாட்டி பிடுங்கிக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டாள். சின்னவன் வயிற்றுக்குள் போன மருந்து எவ்வளவு? கால் பங்கா, அரைப் பங்கா? அது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் பாயசமும் பலிக்கவில்லை. பாயசத்தைப் பார்த்தாலே பையன் வாயை மூடிக்கொண்டான். முன்பு ஆசையாகத் தின்ற பண்டம் அது. இப்போது அதுவும் மருந்தாகிவிட்டது. கடைசியில் அப்பா பையனைப் படுக்க வைத்துக் கைகளைப் பிடித்துக்கொண்டார். அம்மா மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றினாள். பையன் அழுதான். அழும்போது மூச்சை உள்ளே இழுத்தான். மருந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விட்டது. இருமல் வந்தது. கண் செருகியது. முதுகைத் தட்டித் தட்டி மூச்சு வரவழைத்தார்கள். அம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. பையன் முற்றத்தில் ஓடி விளையாடினான்.

"காய்ச்சல்தான் போய்விட்டதே. பிள்ளையை இன்னும் ஏன் வதைக்க வேண்டும்?" என்றாள் பாட்டி.

பிரைமாகுயின் மாத்திரை அட்டை கூரை இடுக்குக்குப் போயிற்று. அதில் இன்னும் 11 நாளைக்கு மாத்திரை இருந்தது.

இதில் பாட்டியைக் குறை சொல்ல முடியாது. அவள் பேரன் மேல் வைத்த அன்பினால்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் வைவாக்ஸ் மலேரியாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அந்தக் கிருமிகளில் சில ரத்தத்தில் இருக்கும். சில ஈரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். காய்ச்சல் நிற்கும். ஈரலில் தூங்கும் கிருமியை அது தொடாது. அதைக் கொல்லத்தான் பிரைமாகுயின். அதை முழுதாகச் சாப்பிடாவிட்டால் தூங்கும் கிருமி பிறகு ஒருநாள் விழித்துக்கொள்ளும்.

இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. இரண்டு மாதம் கழித்துச் சின்னவனுக்கு மறுபடியும் குளிர்க் காய்ச்சல் வந்தது. தீதி வந்தார். "பழைய மாத்திரை அட்டையைக் காட்டு" என்றார். அம்மா கூரை இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தீதி கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

"மருந்து ஏன் இப்படிக் கசக்கிறது, தீதி? கசக்காமல் செய்யக் கூடாதா?" என்று அம்மா கேட்டாள்.

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் நாக்கில் இருக்கிறது. காட்டில் விஷமுள்ள செடி, கொடி, காய் பலவும் கசப்பாக இருக்கும். கசந்தால் துப்பு என்று நாக்கு எச்சரிக்கை செய்கிறது. இது பிறவியிலேயே வந்த காவல். சிறு குழந்தைகளுக்கு இந்தக் காவல் இன்னும் பலமாக இருக்கும். பெரியவர்களுக்குப் பழகிப்போன கசப்பு குழந்தைக்குத் தாங்காது. ஆகவே துப்புகிற குழந்தை பிடிவாதக் குழந்தை அல்ல. அதன் நாக்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

மருந்துக்கும் இந்தக் காவலுக்கும் சண்டை வெகு காலமாக நடக்கிறது. மலேரியாவுக்கு முதலில் கிடைத்த நல்ல மருந்து கொயினா. சின்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து அதை எடுத்தார்கள். மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. 1860-களில் டார்ஜிலிங் பக்கம் மங்பூவிலும், நீலகிரியிலும் அந்த மரத்தைத் தோட்டம் போட்டு வளர்த்தார்கள். வங்காளத்தில் தபால் நிலையங்களிலேயே கொயினாவைச் சின்னப் பொட்டலமாக விற்றார்கள். பொட்டலம் கையில் கிடைத்தது. கசப்பு தொண்டையில் நின்றது. இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் கொயினா கலந்த சோடா நீரில் சர்க்கரையும் சாராயமும் சேர்த்துக் குடித்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கசப்பு ஆகவில்லை.

இன்று மருந்து செய்பவர்கள் பல உபாயம் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. எச்சிலில் கரைந்த பொருள்தான் நாக்குக்குத் தெரியும். கரையாத பொருள் தெரியாது. அதனால் மருந்து வாயில் கரையாமல் இருக்க வேண்டும். வயிற்றில் போய்க் கரைய வேண்டும்.

சோம்பு மிட்டாய் பார்த்திருப்பீர்கள். உள்ளே சோம்பு, மேலே சர்க்கரை ஓடு. சில மாத்திரைகளை இதே போலச் சர்க்கரை பூசிச் செய்கிறார்கள். வேறு சிலவற்றுக்கு மெல்லிய தோல் போன்ற பூச்சு. குப்பி மாத்திரை என்ற கேப்ஸ்யூல் இருக்கிறதே, அதிலே மருந்துப் பொடியை ஒரு மெல்லிய கூட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கான காசநோய் மாத்திரை இப்போது தண்ணீரில் போட்டவுடன் கரைகிறது. பழச் சுவை சேர்த்து வருகிறது. முன்பெல்லாம் பெரியவர்களின் மாத்திரையை உடைத்து உடைத்துக் கொடுத்தார்கள். அளவும் சரியாக வராது, கசப்பும் போகாது.

பூச்சு வேறு வேலையும் செய்வதுண்டு. சில மாத்திரை வயிற்றுப் புளிப்பில் கெட்டுவிடும். அல்லது வயிற்றைப் புண்ணாக்கும். அதனால் வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் போடுகிறார்கள். இன்னும் சில மாத்திரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டது. இதை நசுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். ஆபத்து. ஆகவே எந்த மாத்திரையையும் நசுக்குவதற்கு முன்பு, "இதை உடைக்கலாமா?" என்று கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. குளோரோகுயினை நசுக்கலாம். அதனால்தான் தீதி அன்று நசுக்கினார்.

தீதி இந்தத் தடவை அம்மாவின் கையாலேயே மருந்து கொடுக்க வைத்தார். தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

முதலில் பையனுக்குக் கொஞ்சம் கஞ்சி. பிறகு அவனை மடியில் நிமிர்ந்து உட்கார வைத்தாள் அம்மா. படுக்க வைக்கவில்லை. மூக்கைப் பிடிக்கவில்லை. பானையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் இரண்டு வாய் கொடுத்தாள். நாக்கு குளிர்ந்தால் சுவை சற்று மந்தப்படும். மாத்திரையை நன்றாக நசுக்கினாள். கட்டி இல்லாமல் பொடியாக வேண்டும். பிசைந்த வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்து ஒரே ஒரு கரண்டி. அதற்கு மேல் இல்லை. ஒரு கரண்டி என்றால் முழுதும் வாய்க்குள் போகும். ஒரு கிண்ணம் என்றால் பாதி கிண்ணத்தில் நிற்கும். பாயசம் செய்த தப்பு அதுதான்.

கலந்தவுடனே கொடுத்தாள். கலந்து வைத்தால் கசப்பு வெல்லத்தில் ஊறிப் பரவிவிடும். நாக்கின் நடுவில் வைக்காமல் கன்னத்தின் உள்பக்கமாக வைத்தாள். பையன் விழுங்கினான். முகம் கோணியது. உடனே தண்ணீர். அதன் பின் ஒரு சின்ன வெல்லத் துண்டு. அந்தத் துண்டில் மருந்து கிடையாது. அது அவனுக்குக் கிடைத்த சம்பளம்.

பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான், மௌசி" என்றார் தீதி. மௌசி என்றால் சித்தி. "ஆனால் எல்லா மருந்துக்கும் எல்லாத் துணையும் ஆகாது. கேட்டுச் செய்ய வேண்டும். மருந்து கக்கிவிட்டால் நீங்களாக இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள்."

தீதி சொன்னதில் நியாயம் உண்டு. பால் நல்ல உணவு. ஆனால் டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்தைப் பாலுடன் சாப்பிட்டால் பால் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. இரும்புச் சத்து மாத்திரைக்குத் தேநீர் பகை. காசநோய் மருந்தாகிய ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். கொதிக்கும் கஞ்சியில் கலந்தால் சில மருந்தின் வீரியம் போய்விடும். தேன் பல வீடுகளில் மருந்துக்குத் துணை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து விஷம் உண்டாக்கும்.

அந்த அம்மாவுக்கே ஒரு மாத்திரைக் கதை இருந்தது. அவள் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். அங்கன்வாடியில் சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். அவள் பத்து நாளில் நிறுத்திவிட்டாள். "வாயெல்லாம் துரு நாற்றம், தீதி. குமட்டுகிறது. மலமும் கறுப்பாகப் போகிறது" என்றாள்.

மலம் கறுப்பது கெடுதல் அல்ல. உடம்பில் சேராத இரும்பு வெளியே போகிறது. குமட்டலுக்கு வழி உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்முன் சாப்பிடலாம். தேநீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீருடன் விழுங்கலாம். எலுமிச்சை வாய்க்கும் நல்லது, இரும்பு உடம்பில் சேரவும் உதவும். மாத்திரையைச் சப்பக் கூடாது. சர்க்கரை ஓடு கரைந்தால் துரு வாசனைதான் மிஞ்சும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரத்தசோகையோடு பிள்ளை பெறுகிற தாய்க்குக் கொஞ்சம் ரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து. இந்தச் சிவப்பு மாத்திரை வெறும் சத்து மாத்திரை அல்ல.

பாட்டிக்கு வேறு சிக்கல். கேப்ஸ்யூல் தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது என்றாள். அவள் தலையை அண்ணாந்து விழுங்குவாள். கேப்ஸ்யூல் இலேசானது. தண்ணீரில் மிதக்கும். அண்ணாந்தால் அது பல்லுக்குப் பக்கமே மிதந்து நிற்கும். ஒரு வாய்த் தண்ணீரோடு தலையைச் சற்றுக் குனிந்து விழுங்கினால் தொண்டைப் பக்கம் மிதந்து போகும். பாட்டி உடனே செய்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

இனி, இனிப்பைப் பற்றி ஒரு பயம் சொல்ல வேண்டும். கசப்பு நாக்கின் காவல் என்று பார்த்தோம். இனிப்புப் பூசினால் அந்தக் காவல் தூங்கிவிடுகிறது. அப்போது மனிதர்தான் காவல் இருக்க வேண்டும்.

இந்த வீட்டிலேயே ஒருநாள் அப்பா சின்னவனிடம், "வா, மிட்டாய் தருகிறேன்" என்று சொல்லி மாத்திரையை நீட்டினார். தீதி தடுத்தார். மாத்திரை மிட்டாய் என்று குழந்தை நம்பிவிட்டால், யாரும் இல்லாத நேரத்தில் அதைத் தேடித் தின்னும். அம்மாவின் சிவப்பு மாத்திரை பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரியே இருக்கிறது, நக்கினால் இனிக்கிறது. சிறு குழந்தை அதில் நிறைய விழுங்கினால் உயிரே போகலாம். குளோரோகுயின் இன்னும் கொடியது. சிறு குழந்தைக்கு அளவு மீறிய ஒன்றிரண்டு மாத்திரையே போதும். கூரை இடுக்கு நல்ல இடம் அல்ல. பூட்டிய பெட்டிதான் நல்ல இடம். மருந்தை மருந்து என்றே சொல்ல வேண்டும். கசக்கும் என்றும் சொல்லலாம். பிறகு வெல்லம் உண்டு என்றும் சொல்லலாம். பொய் ஒருநாள்தான் செல்லும்.

பாட்டில் மருந்து இனிக்கிறது என்பதற்காக நல்ல மருந்து என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1937-இல் சல்பா மருந்தைக் குழந்தைகள் குடிக்க வசதியாகத் திரவமாக்கினார்கள். பழ வாசனை சேர்த்தார்கள். மருந்தைக் கரைக்க டை-எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஊற்றினார்கள். அது இனிக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். 100-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய கதை என்று விட முடியாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் இருமல் மருந்து குடித்த 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்திலும் இதே விஷம் இருந்தது. அதன் பிறகு, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதித்தரக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. சாதாரண இருமல் பெரும்பாலும் தானே போய்விடும். கடையில் கேட்டு வாங்கி இனிப்பு மருந்து ஊற்ற வேண்டாம்.

இனிப்பு கூடாத இன்னொரு இடம் உப்புச் சர்க்கரைக் கரைசல். பேதியாகும் குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் அது. 1971-இல் வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. அங்கே மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்து ஏராளமான உயிரைக் காப்பாற்றினார். அதில் உப்பும் குளுக்கோஸும் கணக்காகச் சேர்ந்திருக்கின்றன. உப்புக் கரிக்கிறது என்று கூடுதலாகச் சர்க்கரை போட்டால் கணக்குக் கெடும். அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பேதி கூடும். பொட்டலத்தில் எழுதியபடி 1 லிட்டர் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரானால் நல்லது. கரண்டி கரண்டியாக, அடிக்கடி. அவ்வளவே. கடையில் பழச்சாறு போல விற்ற சில இனிப்புப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது பொட்டலத்தின் மேல் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ்ஸுடன் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். அதுவும் இரும்பு வாசனை அடிக்கும். ஒரு கரண்டி சுத்தமான தண்ணீரில் கரைக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கரைக்கலாம். பேதி இரண்டு நாளில் நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

மலைக் கிராமத்து வீட்டுக்கே திரும்பலாம். தீதி புதிய மாத்திரை அட்டை கொடுத்தார். அம்மா கற்போர் மையத்தில் எண் எழுதக் கற்றிருந்தாள். சுவரில் கரியால் 1 முதல் 14 வரை எழுதினாள். மருந்து கொடுத்ததும் ஒரு எண்ணை அடித்தாள். காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் அவளே வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்தாள். ஏழாம் நாள் அம்மா வயலுக்குப் போக வேண்டியிருந்தது. அன்று எண்ணை அடித்தது பாட்டி. அவளுக்கு எழுத வராது. கோடு போட வந்தது.

பதினைந்தாம் நாள் தீதி வந்தார். அம்மா காலி அட்டையைக் கொடுத்தாள். சின்னவன் பாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மருந்து முடிந்துவிட்டது, வெல்லம் எங்கே என்று கேட்டான்.